ஐயாவின் மணல் பெட்டி

இரண்டாம் கல்யாணத்துக்கு
நான் கொண்டுவந்தது ஒரு தையல் மெஷின், ஒரு பூனை.
விகாந்தாஸ் கொண்டுவந்தது ஒரு நாய்,
பிறகு அந்த நாயின் பசி.

கிளைபெடா துறைமுகம் தெரிகிற ஐந்தாம் மாடி.
பூனைக்குப் பெயர் போனாஸ்; லிதுவேனிய மொழியில் ஐயா.
ஐயாவும் அப்படித்தான் நடந்துகொள்வார்.
நாய் ரூதிஸ், செம்பட்டை.
குளியலறையில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
ஐயாவின் மணல் பெட்டி.

முதல் வாரமே தெரிந்துவிட்டது.
மூக்கு நுனியில் நாலு மணலோடு
வந்து நின்றது ரூதிஸ்,
கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்த முகம்.
"உன் நாய்" என்றேன்.
"உன் பூனை" என்றான்,
ஜன்னலுக்கு வெளியே கிரேன்களைப் பார்த்தபடி.
அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

பெட்டிக்கு மூடி போட்டோம்.
மூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
வீடெல்லாம் இடித்துக்கொண்டு சுற்றியது.
கதவு ஒரு சாண் மட்டும் திறக்கக் கயிறு கட்டினோம்.
கயிற்றையும் தின்றது.
ஐயாவின் தோளை அளவெடுத்து
ஓர் அலமாரியில் துளை அறுத்தான் விகாந்தாஸ்.
அந்தத் துளைக்காகவே
அன்றிரவு நாய் இளைத்திருக்க வேண்டும்.

கீழ்வீட்டு ஜெனொவைதெ காப்பி குடிக்க வந்தாள்.
குளியலறையிலிருந்து ஓடிவந்த ரூதிஸ்
அவள் முகவாயை ஆசையாக நக்கியது.
"என்ன பிரியம் பாருங்கள்!"
நாங்கள் இருவரும் பிளம் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
எங்களுக்கென்று சேர்ந்தாற்போல ஒரு ரகசியம்
அதுதான் முதலில்.

டாக்டர் சிரித்தார்.
"பூனைச் சாப்பாட்டில் இறைச்சி அதிகம்,
முழுக்கச் செரிக்காமல் போகும்.
உங்களுக்குக் கழிவு, அதற்கு மணக்கிற மிச்சம்.
இதில் யாரையும் குறை சொல்ல முடியாது."
யாரையும் குறை சொல்ல முடியாத வீட்டில்
எப்படிக் குடியிருப்பது?
முதல் கல்யாணத்தில் அந்தப் பழக்கம் இல்லை எனக்கு.

பிப்ரவரி. காயல் உறைந்து கிடந்தது.
அவனுக்கு இரவு ஷிஃப்ட்.
நாலு மணிக்கு என் உள்ளங்கையில் ஈர மூக்கு.
விளக்கைப் போட்டேன். பழக்கதோஷத்தில்
மூக்கைத்தான் முதலில் பார்த்தேன்.
மணல் இல்லை.

குரைக்கவில்லை.
குளியலறை வரை போனது, திரும்பி என்னைப் பார்த்தது,
அலமாரித் துளையைப் பார்த்தது.
உள்ளே, முந்தைய காலை நான் வாரிவிட்ட கோடுகள்
அப்படியே, உலர்ந்து.
தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார் ஐயா,
அவருடையதல்லாத ஒரு சின்னக் குரலில் அழுதுகொண்டு.

கிரேனிலிருந்து இறங்கி வந்தான் விகாந்தாஸ்.
பனிக்கட்டிச் சாலையில் பழைய கார்
வழுக்கியே பாதி தூரம் போனது.
"மூத்திரக்குழாயில் அடைப்பு. மதியம் வரை விட்டிருந்தால்" என்று
டாக்டர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

காரில் இருவரும் பேசவில்லை.
இரண்டு வருஷமாக நான் அந்த நாயிடம் பேசியதில்
முக்கால்வாசி 'சீ'.

நான்காம் நாள் ஐயா வீடு திரும்பினார்,
ஒரு கால் மழிக்கப்பட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் புனல்.
புனல் துளைக்குள் நுழையாததால்
பெட்டியை வெளியே இழுத்து வைத்தோம்.
ஏறினார். தோண்டினார்.
வாசலில் நாங்கள்:
ஆரஞ்சு வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவன்,
கரண்டியோடு நான்,
நடுவில் எச்சில் ஒழுக ரூதிஸ்.
ஒரு தடவை நிமிர்ந்து
எங்கள் மூவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தார்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

மூடிவிட்டு அவர் போனதும்
மணலைக் கிளறினேன்.
கோழிமுட்டை அளவில் ஓர் ஈரக்கட்டி.
விகாந்தாஸ் விசிலடித்தான்.
"காட்டு, காட்டு."
பெட்டிமேல் மூன்று தலைகள் முட்டிக்கொண்டன.
"கொஞ்சம் நகரேன்" என்றான்,
நாயிடமா என்னிடமா தெரியவில்லை.
இரண்டு பேருமே நகரவில்லை.