இருபது மில்லிமீட்டர்

மூன்றாம் நாள் காலை
தாதி ரொஹாயு என் மார்பைப் பார்த்து
"கொஞ்சம் உள்வாங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.
கடல்தான் உள்வாங்கும் என்று நினைத்திருந்தேன்.

தொட்டிலில் செருகிய அட்டையில்
செண்பகவல்லியின் ஆண்பிள்ளை,
இரண்டு கிலோ எழுநூற்றுப் பத்து.
அந்த ஆண்பிள்ளை
வந்து வந்து நழுவினான்.
வாயைத் திறந்தான், தலையை ஆட்டித் தேடினான்,
எதுவும் அகப்படாமல்
வார்டு முழுக்கப் புகார் கொடுத்தான்.

ரொஹாயு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தாள்.
செம்பவாங் கரையில் ஒதுங்கிய
சொறிமீன் குஞ்சு போல ஒன்று.
சிலிக்கான் கவசம், இருபது மில்லிமீட்டர்.
வெந்நீரில் முக்கி
பாதியை உள்ளே மடித்து
என்மேல் ஒட்டவைத்தாள்.

பிடித்தான்.
பிடித்தான் என்றால்
பிடரியிலிருந்து குதிகால்வரை
ஒரு கயிறு இழுபட்டது எனக்கு.
தெளிந்த முனையில் பால் மங்கலாய் வந்து நின்றது.
நான் அழவில்லை.
பக்கத்துப் படுக்கை ஃபெலிசியா அழுதாள்,
அவள் காரணம் வேறு.

எட்டு வருடமாய் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில்
உட்கார்ந்திருப்பவள் நான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து வந்து
உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டார்சைக்கிள்கள்.
நடுவில் ஒன்றைக் கடந்துதான்
சிலர் வந்து சேர முடியும் என்பது
எனக்குத் தெரியாததில்லை.
ஆனாலும் முதல் வாரம் முழுக்கக் கூசியது,
பிள்ளை என்னைத் தொடவில்லை,
என்மேல் போட்ட உறையைத் தொடுகிறான் என்று.
பார்க்க வந்த பிரேமகுமாரி
"ரப்பரா இது? பழகிட்டா விடமாட்டானே" என்றாள்.
அப்புறம் யார் வந்தாலும்
துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பதினேழாம் நாள், விடிகாலை மூன்று மணி,
கவசத்தைக் காணோம்.
நிறமில்லாத ஒன்றை
இருட்டில் தேட
தனிப் பொறுமை வேண்டும்.
புவனேந்திரன் கைப்பேசி விளக்கோடு தரையில் தவழ்ந்தான்.
பிள்ளைக்கு முன்னால் அப்பன் தவழ்ந்த வீடு
எங்கள் வீடுதான்.
கட்டிலுக்கடியில்,
வாஷிங் மெஷினின் ரப்பர் மடிப்பில்,
பேம்பர்ஸ் வாளியில்கூடக் கையை விட்டுப் பார்த்தான்.
பிள்ளை ஒன்பதாம் மாடியை எழுப்பிக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.
ஹுய் ஷான் இரும்புக்கதவின் இடுக்கில் கையை நீட்டினாள்.
ஒரு பிளாஸ்டிக் டப்பா. "கொதிக்க வச்சாச்சு."
உள்ளே அதே சொறிமீன்,
அவளுடையது இருபத்துநாலு.

ஐந்து மாதமாய் லிஃப்டில் சிரித்துக்கொள்கிறோம்.
மழை, குப்பைக்குழாய்க் கரப்பான்,
அவள் மகளுக்கு முளைத்த முதல் பல்.
ஒருநாளும் இதைச் சொல்லிக்கொண்டதில்லை.

பெரிதாய் இருந்தது. காற்று புகுந்தது.
பாதி அவனுக்கு, பாதி என் கைலிக்கு.
குடித்தான்.

விடிந்து துணி மாற்றும்போது பார்த்தோம்.
அவன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது
எங்கள் இருபது மில்லிமீட்டர்.
ராத்திரி பூராவும் அதன்மேல் படுத்துக்கொண்டே
அதைக் கேட்டு அழுதிருக்கிறான்.

நாற்பதாம் நாள் பெயர் பதிந்தோம், நித்திலன்.
கூப்பிட்டால் திரும்புவதில்லை.
பலதுறை மருந்தகத்துத் தராசில்
நான்கு கிலோவைத் தாண்டிவிட்டான்.
இன்று மதியம் கவசம் இல்லாமலே குடித்தான், நான்கு நிமிடம்.
சாயங்காலம் மாட்டேன் என்றுவிட்டான்.
கழுவி, குவளைமேல் கவிழ்த்திருக்கிறேன்.
காயட்டும்.

வேலைக்குத் திரும்ப இன்னும் ஒன்பது வாரம்.
அதற்குள்
ஹுய் ஷானின் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது.
என்ன போட்டுக் கொடுக்கலாம் என்று
அடுப்படியில் நின்று யோசிக்கையில்
உள்ளேயிருந்து கூப்பிடுகிறான்,
ப்ளவுஸ் நனைகிறது.