ஜல்லி

எண்ணூரில் சரக்கு ரயில் ஓய்ந்த தடத்தை
நடைபாதை ஆக்கியபோது
தண்டவாளத்தை எடுத்துப்போனார்கள்.
ஓரத்து ஜல்லியை விட்டுவிட்டார்கள்,
அள்ளுகிற கூலி கட்டாதென்று.

ஞாயிறு, ஆறே கால்.
கழிமுகத்தில் கூழைக்கடா பதினொன்று.
நெடுங்கால் உள்ளான் எண்ணி முடிப்பதற்குள் எழும்பிவிட்டது.
புகைபோக்கிக்குப் பின்னால் எங்கோ சூரியன்.

தேவகிருபை என் பைனாகுலரைக் கேட்பதேயில்லை.
பத்தொன்பது வருஷம் டிராக்கில் வேலை.
கட்டைகள் போய்விட்டன, அவள் எட்டு மட்டும்
இன்னும் கட்டைக்குக் கட்டை விழுகிறது.

தலைக்கு மேல் ஆள்காட்டி கத்திக் கத்திச் சுற்றியது.
அதன் சிவந்த மூக்குச் சதையைக் கண்ணாடியில் பிடித்தபடி
நான் ஓரமாய்க் கால் வைக்கப் போனேன்.
சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
"அது நாலும் ஜல்லி இல்ல."

மங்கிய மண்நிறம், கரும்புள்ளி,
கூர்முனைகள் உள்நோக்கி.
எனக்குத் தெரிய
இன்னும் ஒரு நிமிஷம் ஆனது.

பின்னால் ஓட்டக்காரர்களின் காலடி.
கையில் கொடி இல்லை. துப்பட்டாவோ பச்சை.
அதைக் கழுத்தில் சுருட்டிக்கொண்டு
இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி
நடுப்பாதையில் நின்றாள்.

முன்னால் வந்தவர் காதுக்கருவியைக் கழற்றினார்.
"என்னம்மா, வண்டி வருதா?"
"ஆமா," என்றாள். "நாலு."

சிரித்துக்கொண்டே இடப்பக்கம் ஒதுங்கி ஓடினார்கள்.

ஆள்காட்டி, இரண்டு
என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
இடத்தை எழுதவில்லை.