நகராத பக்கம்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் நான்.
மடியில் கணினி. அதற்குள்
நாற்பத்தொன்றாம் தொகுதி கழல மறுக்கிறது.

என் வேலை இதுதான், யாருக்கும் சொல்லி விளங்கவைத்ததில்லை:
இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே
அதன் நினைவகத்தில் ஒரு துண்டைக் கழற்ற வேண்டும்,
வேறொன்றைச் செருக வேண்டும்.
ஓடுகிறவைக்குத் தெரியக் கூடாது.
கடலில் போகிற படகுக்குப் பலகை மாற்றுவதா என்றார் ரொசாரியோ.
ஆமாம். படகில் இருப்பவர்கள்
சோறு தின்றுகொண்டிருப்பார்கள்.
தட்டு இடம் மாறும்,
கை கவளத்தோடு வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கும்.

கெர்னலில் அந்த மூவாயிரம் வரிக்கு
ஒன்பது வருடமாக நான் காவல்.
நான் எழுதியது முந்நூறு இருந்தால் அதிகம்.
மிச்சம், வேலை மாறிப் போனவர்கள் விட்டுப்போனது.
ஒருவன் குறிப்பு எழுதி வைத்திருக்கிறான்:
'இது ஏன் ஓடுகிறதென்று தெரியவில்லை. தொடாதே.'
நான் தொடவில்லை.

முதலில் சாதனப் பூட்டு, அப்புறம் நினைவகப் பூட்டு.
வரிசை மாறினால்
சந்துக்குள் எதிரெதிரே வந்த இரண்டு மீன் வண்டி.
இரண்டு டிரைவரும் இறங்கி நின்று
ஐஸ் உருகும்வரை நியாயம் பேசுவார்கள்.

இன்று பூட்டில் கோளாறில்லை.
தொகுதியிலுள்ள முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் பக்கங்களும்
சொன்னதும் எழுந்து வேறிடம் போய்விட்டன.
ஒன்று மட்டும் போகவில்லை.
அதைப் பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கை
இருக்கவேண்டியதைவிட ஒன்று கூடுதல்.
யார் அந்த ஒருவர்?
'மீண்டும் முயல்கிறேன்' என்கிறது திரை.
மீண்டும்.
மீண்டும்.

மூன்று நாளாக ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்,
வலுவந்தமாகப் பிடுங்க ஒரு வழி வையுங்கள் என்று.
முடியாது என்றேன்.
அந்தப் பக்கத்தில் யாரோ
இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம்.

தெற்குவாடிக்குப் போன வேன் திரும்பி வந்தது.
கரும்பலகையில் கிராம நிர்வாக அலுவலர்
214 என்று எழுதிவைத்திருந்தார்.
இறங்கியவர்களை எண்ணி, நாலை அழித்து மூன்றாக்கினார்.
கித்தேரி வரவில்லை.
'அந்தப் பொம்பளைய இழுத்துப் போட்டுட்டு வரவேண்டியதுதானய்யா?'

எனக்குத் தெரியும் கித்தேரியை.
வீட்டு நடுவில் தார்ப்பாய் போர்த்திய பத்து குதிரைசக்தி என்ஜின்.
'கொஞ்சம் பிடிச்சுக்கங்க மதினி, வந்துருவேன்' என்று
கொழுந்தன் பஹ்ரைனுக்குப் போனான்.
இரண்டு தவணை கட்டினான்.
கடன் கித்தேரி பெயரில்.

பேட்டரி பதினொரு சதவீதம்.
வாடை திரும்பிக் கொண்டலாகி
ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்க்கிறது.
ஒரு டிரைவர் நிரலைத் திறந்து கீழே கீழே போகிறேன்.
பக்கத்தைப் பிடி.
சாதனத்தைக் கேள்.
பிழையா, திரும்பிப் போ.

திரும்பிப் போகிறவன்
பிடித்ததை விடவில்லை.

ஒரு வரி. 'விடு' என்று ஒரே ஒரு வரி.
சேர்த்து, ஏன் என்று நாலு வாக்கியம் எழுதி,
கைபேசிச் சிக்னலின் ஒற்றைக் கோட்டில் அனுப்பினேன்.
(மறுநாள் பதில் வந்தது:
'சரி. ஆனால் வரிக்கு முன்னால் டேப் இல்லை, எட்டு இடைவெளி இருக்கிறது.')

கணினியை மூடிவிட்டு வேனில் ஏறினேன்.
ரொசாரியோவிடம் கயிறு, இரண்டு மூங்கில்.
பள்ளி வாட்ச்மேன், வேன் டிரைவர், நான்.
கித்தேரி வாசலில் நின்றுகொண்டு
எங்களைப் பார்க்காமல் மூங்கிலைப் பார்த்தாள்.
'தாங்குமா?' என்றாள்.
அவ்வளவுதான் கேட்டாள்.

என்ஜினுக்குப் பெஞ்ச் போதவில்லை.
இரண்டைச் சேர்த்துப் போட்டோம்.
டீசல் நாற்றம் என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்,
பிறகு அதன்மேல் ஏறி விளையாடினார்கள்.

கரும்பலகையில் மூன்று மறுபடி நாலாயிற்று.
அலுவலர் சாக்பீஸை வைக்கப்போனவர்
கொஞ்சம் யோசித்து,
கீழே சின்ன எழுத்தில் சேர்த்தார்:
என்ஜின் ஒன்று.