இரண்டு பலகை

மணக்குடிக் காயலுக்கு எனக்கென்று ஒரு சாலை உண்டு.
நீளம் இரண்டு பலகை.
ஒன்றில் என் சக்கரம் நிற்கையில்
மற்றதைத் தூக்கி முன்னால் போடுவார் ததேயு,
இருக்கிற ஒற்றைக் கையால்.
மணலில் நாற்பது தடவை இப்படி.
வழியில் எவராவது "பாவம்" என்றால்
"ஓய், பலகையைப் பிடியும்" என்பார்.
பிடிப்பார்கள். பாவம் அதோடு நின்றுவிடும்.

கயாக் மஞ்சள் நிறம்.
இருக்கைக்கு வடசேரி செருப்புக்கடைப் பஞ்சு,
இடுப்புக்குப் பழைய பள்ளிக்கூடப் பையின் வார்.
தொப்புளுக்குக் கீழிருந்து எனக்குச் சேதி வராது,
புண் வந்தாலும் கண்ணாடி பிடித்துத்தான் பார்க்கணும்;
ஆகவே பஞ்சு விஷயத்தில் நான் கறார்.
மூத்திரப் பையைத் தொடையோடு கட்டி
மேலே ஒரு துண்டு. அவ்வளவுதான் ஆடம்பரம்.

முதல் மாதம் கவிழ்வது மட்டுமே பாடம்.
கவிழணும், வாரை உருவணும், மேலே வரணும்.
பதினோராம் முறை
பச்சை இருட்டுக்குள் வாரை உருவி வெளியேறியபோது
என் கால்கள் முகத்தருகே மிதந்து வந்தன.
பார்வதிபுரம் விபத்துக்குப் பிறகு
அவை தாமாக எங்கேயும் போனதில்லை.
"அட, வந்தீங்களா" என்றேன்,
வாயெல்லாம் உப்பு.

முன்னிருக்கையில் ஷம்லா. திருவிதாங்கோட்டுக்காரி.
பிறவியிலேயே பார்வை இல்லை,
தோள் மட்டும் ரப்பர்ப்பால் சுமந்த வாப்பாவின் தோள்.
நான் கடிகாரம் சொல்வேன்:
பத்து மணிப் பக்கம் கண்டல், இரண்டு மணிப் பக்கம் வலைக்கம்பு.
தப்பாகச் சொல்லி வேரில் போய்ச் செருகி
ஒருத்தியை ஒருத்தி திட்டியிருக்கிறோம்
கொக்குகள் எழுந்து போகும்வரை.
ஆறு நாள் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன்;
நான் கோபப்பட்டால்
"உடம்பு முடியல்ல, அதான்" என்று விட்டுவிடுவார்கள்.
ஷம்லா விடமாட்டாள்.

போன சனிக்கிழமை பொழி முறிந்திருந்தது.
எனக்குத் தெரியவில்லை, பாலம் வரை தண்ணீர் கண்ணாடி.
"சத்தம் மாறிட்டு, கில்டா."
அப்புறம்தான் பார்த்தேன்,
ஒரு தேங்காய் மட்டை எங்களை முந்திக் கடலுக்குப் போவதை.
"திருப்பு."
"கொஞ்சம் கேக்கட்டு."
திருப்பினோம்.
முன்னால் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.
இழுக்க இழுக்க அதே வலைக்கம்பு,
அதன்மேல் அதே நீர்க்காகம்.
ஆறு வருஷமாய் உட்கார்ந்தே இருப்பவள் நான்;
ஓரிடத்தில் இருக்க இத்தனை கை வேண்டும் என்று
அன்றுதான் தெரிந்தது.
ஷம்லா எண்ணிக்கொண்டே துழாவினாள்.
முந்நூற்றுப் பத்தில்
நீர்க்காகம் ஒரு சாண் பின்னால் போயிற்று.

கரையில் ததேயு தலையில் கைவைத்து நின்றார்.
கடலில் கற்ற வசவெல்லாம் எங்களுக்கு வந்தது.
முடித்துவிட்டுச் சொன்னார்:
ஒரு பலகையைப் பொழி கொண்டுபோச்சு.
ஒற்றைப் பலகையில் சாலை போட முடியாது.
இன்னொன்று தேடி அவர் ஊருக்குள் போனார்.

நாற்காலி தூரத்தில் நிற்க
ஈர மணலில் இருந்தோம்.
உரிந்த உள்ளங்கையைத் தடவிப் பார்த்து
"எனக்கு ரெண்டு கொப்பளம். உனக்கு?" என்றாள்.
"மூணு."
"பொய்" என்று
என் கையை இழுத்து எண்ணத் தொடங்கினாள்.