ஒன்றின் மேல் ஒன்று

யாங்கோன், முப்பத்தோராம் தெரு, நான்காம் மாடி.
அறுபத்தெட்டுப் படிகள்.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று
நடுவில் மூன்று முறை நின்றேன்.
இரண்டாம் மாடிக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.
உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

உளுந்து மூட்டையிலா, சின்லோனிலா,
எதில் போனது என்று தெருவே கேட்டது.
இருபது வருஷம் மூட்டை. முப்பது வருஷம் பிரம்புப் பந்து.
டாக்டர் கேட்கவில்லை.
படத்தை வெளிச்சத்தில் மாட்டி
நாலும் ஐந்தும் நழுவிக் கிடந்ததைக் காட்டினார்.
இப்போது அங்கே நான்கு திருகாணி, இரண்டு கம்பி,
என் இடுப்பிலிருந்தே சுரண்டி வைத்த கொஞ்சம் எலும்பு.
"கம்பி வெறும் காவல்.
எலும்பு எலும்பைப் பிடிக்கணும்.
அதை யாரும் அவசரப்படுத்த முடியாது."

குனியாதே. முறுக்காதே.
இரண்டு விஸ்ஸுக்கு மேல் தூக்காதே.
முப்பது விஸ் மூட்டையை
முதுகில் வாங்கிப் பழகியவனுக்கு
இரண்டு விஸ் என்பது
செவந்தி சந்தையிலிருந்து கொண்டுவரும் வெங்காயம்.

பால்கனியில் கயிறு தொங்குகிறது.
மணி அடித்தால் கீழே பையன்
கிளிப்பில் பேப்பரை மாட்டுவான், சில நாள் மோஹிங்கா பொட்டலமும்.
அதையாவது இழுக்கிறேனே என்றேன்.
இழுப்பதும் தூக்குவதுதான் என்று
நோ மூ பௌ கயிற்றையும் பிடுங்கிக்கொண்டாள்.
பிசியோதெரபிஸ்ட். கரேன் பெண். ஐந்தடிகூட இல்லை.
கட்டிலில் புரளவே எனக்கு ஒரு வாரம் பாடம்:
"தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்பணும்,
ஆற்றில் தேக்குக்கட்டை புரளுமே, அப்படி."

ஒன்பதாம் வாரம் ஒரு திருட்டு செய்தேன்.
செவந்தி கோயிலுக்குப் போயிருந்தாள்.
தண்ணீர்க் குடத்தை
அடுப்படியிலிருந்து வாசல்வரை, ஏழு எட்டு.
ஒன்றும் ஆகவில்லை.
ஆனாலும் இரண்டு ராத்திரி தூங்கவில்லை,
உள்ளே ஏதோ திருகு கழன்று உருளும் சத்தம்
கேட்டதுபோலவே இருந்தது.
நோ மூ பௌவிடம் சொன்னேன்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
நோட்டில் தேதியை மட்டும் எழுதிக்கொண்டு
"இன்றைக்கு எவ்வளவு நடந்தீங்க?" என்றாள்.

நடந்தேன்.
முதலில் வராந்தா. பிறகு ஒரு மாடி இறக்கம்.
பிறகு மழைக்கு நடுவே சத்தார் காக்காவின் டீக்கடை.
அங்கே எல்லா ஸ்டூலும் கணுக்கால் உயரம்.
முன்பு அதில்தான் குந்தி
நாட்டு நடப்பையெல்லாம் தீர்த்து வைப்போம்.
உட்கார முடியாமல் நின்றபடியே குடித்தேன்.
மறுநாள் காக்கா மூன்று ஸ்டூல்களை எடுத்து
ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கி வைத்திருந்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
அந்தச் சிவப்பு அடுக்கில் உட்கார்ந்து,
எல்லார் தலைக்கும் மேலே,
எதிர்ச் சந்தில் ஐந்து பேர் வட்டமாய் ஆடுவதைப் பார்த்தேன்.
ஆறாவது இடத்தை விட்டே ஆடினார்கள்.
பந்து அந்த வெற்றிடத்தைத் தாண்டும்போதெல்லாம்
என் வலது கால் லுங்கிக்குள் அசைந்தது.

பத்தாம் மாதம் படம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:
பிடித்துவிட்டது.
முழங்காலால் தட்டலாம், பாதத்தால் தட்டலாம்.
துள்ளக் கூடாது.
பின்னால் குதிகாலில் ஏந்தும் அந்த அடி
இனி வேண்டாம். எப்போதும்.

வட்டத்துக்குள் போனேன்.
நாலு தட்டு நன்றாய்த்தான் போனது.
ஐந்தாவதை டின் வின் உயர அனுப்பினான்.
அது என் தோளைத் தாண்டி
முதுகுக்குப் பின்னால் இறங்கியது,
முப்பது வருஷமாய் என் குதிகால் காத்திருக்கும் அதே இடத்துக்கு.

நின்றேன்.
பந்து விழுந்தது.
பிரம்பு தரையில் படும் சத்தம் இவ்வளவு சின்னதா?

யாரும் எடுக்க வரவில்லை. அது அவர்கள் மரியாதை.
முழு உடம்பாய்த் திரும்பி, பாதங்களை அகட்டி,
முதுகு நேராய், முழங்கால் மடங்க இறங்கி
பந்தை எடுத்து நெஞ்சோடு அணைத்து எழுந்தேன்.
இரண்டு கோழிமுட்டை கனம்கூட இருக்காது.
"மறுபடி" என்றான் டின் வின்.

ஆடி முடித்துக் கடைக்கு வந்தால்
அடுக்கிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துவிட்டிருந்தார் காக்கா.
இரண்டின் மேல் மெல்ல உட்கார்ந்தேன்.
முழங்கால் கொஞ்சம் முனகியது.
முதுகு ஒன்றும் சொல்லவில்லை.