வாலாட்டம்

ஆடி பிறந்த ஒன்பதாம் நாள்
பாம்பன் பாலத்தின் நட்டநடுவில், கச்சான் காற்றில்,
எங்கள் வண்டியின் பின்பாதி
எங்களை ஓட்டத் தொடங்கியது.

முன்னால் பழைய பொலேரோ, அதில் நான்.
பின்னால் ஒற்றை உருண்டையில் மாட்டிய தகர அடுக்களை:
இரண்டு டயர், நாலு அடுப்பு,
பக்கவாட்டில் 'ஊளிமீன் வறுவல்' என்று சிவப்புப் பெயின்ட்.
எதிரே மதுரைப் பேருந்து.
கண்ணாடியில் பார்த்தேன்.
அடுக்களை இடப்பக்கம் போனது,
கொஞ்சம் யோசித்தது,
வலப்பக்கம் வந்தது.
அடுத்த முறை யோசிக்கவில்லை.

நான் பிரேக்கை மிதித்தேன். மிதிக்கக் கூடாதாம்.
பிரகாசி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். பிடிக்கவே கூடாதாம்.
பேருந்துக்காரர் தலையை நீட்டிச் சொன்ன வார்த்தையை
இங்கே எழுதக் கூடாது.

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் வருகிறாள்.
முதலில் பாதி அவளுடையது, நட்டத்திலும்.
தனுஷ்கோடியில் இறங்கி, பேசாமல் உட்கார்ந்து
வெங்காயம் அரிகிறாள்.
எனக்குத்தான் கண் எரிகிறது.

உச்சிப்புளியில் மீரான் கனியின் பட்டறை.
என்னைவிடப் பதினைந்து வயது இளையவன்,
பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன்.
சாக்கை விரித்து இரண்டை வைத்தான்.

ஒன்று, ஒற்றைத் தண்டு.
நடுவே உராயும் தகடு, இறுக்க ஒரு கைப்பிடி.
எட்டாயிரம்.
மழை பெய்தால் பிடி தளரும்.
ரிவர்ஸ் எடுக்கும் முன் கழற்ற வேண்டும்,
மறந்தால் வளையும்.

மற்றது, இரட்டை வில்தண்டு, இரண்டு சங்கிலி.
பின்பாரத்தை முன்சக்கரத்துக்கும் பங்கு வைக்கும்.
கோயம்புத்தூர்ச் சரக்கு. முப்பத்தாறாயிரம்.
பளபளப்பில் என் முகம் தெரிந்தது,
வாங்கிவிடலாம் என்ற முகம்.
சங்கிலியை அவன் நகத்தால் சுரண்டினான்.
"நம்ம உப்புக்கு இது
ரெண்டு பெருநாள் பாக்காதுக்கா."

பிறகு ஆணியிலிருந்து
மீன் ஏலத் தராசை எடுத்துவந்தான்.
செயின் புல்லியில் அதை மாட்டி
அடுக்களையின் மூக்கை அதில் தொங்கவிட்டான்,
வாயில் தூண்டில் குத்திய கொடுவா போல.

எழுநூறு கிலோ உடம்பு.
மூக்கில் பத்தொன்பது.

"எண்பதாவது நிக்கணும். தண்ணி டிரம் எங்க?"
"பின்னால, கதவோரம். மொள்ள வசதி."
"காத்துக்கும் அதே வசதிதான்."

டிரம்மை உருட்டினோம், முன்சுவரோடு கட்டினோம்.
சிலிண்டர்களை அச்சுக்கு மேலே நிறுத்தினோம்.
இரும்புத் தோசைக்கல், எண்ணெய் டின், அரிசி மூட்டை,
ஒவ்வொன்றாக இடம் மாற மாற
முள் ஏறியது: நாற்பது, அறுபத்தைந்து,
எண்பத்து நாலு.

காசே செலவில்லை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"அப்ப தண்டு எதுக்குடா?"
அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"சாயங்காலம் திரும்பும்போது
டிரம்முல தண்ணி இருக்குமாக்கா?"

ஒற்றைத் தண்டை வாங்கினேன்.
குழுக் கடன் நோட்டில் எந்தத் தலைப்பில் எழுத?
மின்சாரம் இல்லை, மளிகை இல்லை, மராமத்தும் இல்லை.
'காற்றுச் செலவு' என்று எழுதினேன்.
அந்தத் தலைப்பில் இனியும் வரும் என்று
கீழே நாலு வரி காலியாக விட்டேன்.

இன்று மண்டபம் நிறுத்தத்தில் பிரகாசி.
ஹாரன் அடித்தேன், பார்க்கவில்லை.
பஸ் வந்தது, கூட்டம், அதையும் பார்க்கவில்லை.
கதவைத் திறந்து ஏறி
வெங்காயப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பாலத்தின் வளைவில் பின்னால் ஒரு முனகல்,
பழைய கட்டிலில் யாரோ புரள்வது போல.
"என்ன சத்தம்?"
பன்னிரண்டு நாளில் முதல் பேச்சு.
"எட்டாயிரம்" என்றேன்.

உச்சியில் கச்சான் காத்திருந்தது.
தோளால் இடித்தது.
அடுக்களை ஒரு சாண் நகர்ந்து,
தண்டு இழுக்க, திரும்பி வந்தது.
கியரை விடாமல், காலை மட்டும் லேசாக எடுத்தேன்.
ஸ்டீயரிங்கின் பக்கம் கிளம்பிய பிரகாசியின் கை
பாதியில் நின்று
பையின் முடிச்சை இறுக்கியது.

கீழே பச்சை நீர். படகுகள் எல்லாம்
ஒரே திசையில் மூக்கைத் திருப்பிக்கொண்டு.

தங்கச்சிமடம் தாண்டியதும் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
சாயங்காலம் டிரம் காலியாக இருக்கும் என்பதை
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.