இருநூற்று ஐம்பத்தைந்து

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மணி மூணு.
மாடியில் சங்கத்து அறை.
கீழே நிலக்கோட்டை வண்டி பின்னால் வருகிறது,
அதன் பீப் சத்தத்துக்கு முன்பே மல்லி வாசம் படியேறிவிட்டது.
என் லேப்டாப் மட்டும் அரை மணியாக
ஒரே வரியைச் சொல்கிறது:
அனுமதி மறுக்கப்பட்டது.
பிழை எண் பதின்மூன்று.

அறுபத்திரண்டு கடை, கடைக்கொரு சிவப்பெழுத்துப் பலகை.
விலை முடிவானதும்
அத்தனையிலும் ஒரே நொடியில் எரிய வேண்டும்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.
ஒப்பந்தத்தில் கம்பெனி பெயர்.
ராத்திரி வேலைச் சீட்டில்தான் என் பெயர், தமயந்தி.

நாற்பத்தொன்றாம் பலகைக்கு அனுப்பினால் போகிறது.
ஏழுக்கும் போகிறது.
மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பதுபோல
ஒருத்தரிடம் ஒரு விலை சொல்ல
யாரும் தடுப்பதில்லை.
கடைசி எண்ணை இருநூற்று ஐம்பத்தைந்து ஆக்கினால்
(எல்லோருக்கும் என்று அர்த்தம்)
பதின்மூன்று.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
ஃபயர்வாலை இறக்கி வைத்தேன்.
திண்டுக்கல்லில் தூங்கிக்கொண்டிருந்த ஜெசிந்தாவை எழுப்பினேன்.
"ரூட்டா ஓட்டிப் பாருக்கா" என்றாள் கொட்டாவிக்குள்ளிருந்து.
ரூட் என்றால் இந்தப் பெட்டிக்குள் ராஜா.
எதையும் அழிக்கலாம், எவரையும் வெளியே தள்ளலாம்.
ஓட்டினேன்.
ராஜாவுக்கும் அதே பதின்மூன்று.

கையேட்டின் அடியில், யாரும் இறங்கிப் போகாத பத்தியில் இருந்தது.
எல்லோருக்கும் பேசப் போகிற சாக்கெட்
பேசும் முன் அதைச் சொல்லியாக வேண்டும்.
ஒரு தேர்வு. பூஜ்யம் அல்லது ஒன்று.
யாரும் வந்து தரும் அனுமதி இல்லை அது.
நீ யார் என்றே கேட்கவில்லை,
தெரிந்துதான் செய்கிறாயா என்று கேட்டிருக்கிறது,
நான் பதில் சொல்லாமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் தங்கை கல்யாணத்துக்கு மைக்செட் கட்ட
ஊமச்சிகுளம் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது நான்தான்.
எங்கள் வாசல், எங்கள் கரண்ட், எங்கள் சந்தோஷம்.
ஆனாலும் மூணு தெருவுக்குக் கேட்குமே.

ஒன்று என்று எழுதினேன். இன்னும் ஓட்டவில்லை.
செயலாளர் ஒச்சப்பன் படியேறி வந்தார்.
சட்டைப்பையில் விலைச்சீட்டு.
"சரியாயிருச்சா? அப்ப மொத வரிசை அஞ்சு கடைக்கு மட்டும் விடு.
அங்கிட்டு உள்ளவகளுக்கு ஒரு கால் மணி கழிச்சு."
கால் மணி என்றால்
கிலோவுக்கு இருநூறு ரூபாய் என்று
எனக்கே தெரியும்,
நான் பூ வாங்குவது முழத்தில்தான் என்றாலும்.

"கால் மணிக்கெல்லாம் இதுல இடம் இல்லீங்க" என்றேன்.
பொய். நேரம் குறித்து அனுப்ப
நாலு வரி போதும்.
சீட்டை வாங்கி, எண்ணைத் தட்டி, விட்டேன்.

மல்லி ஆயிரத்து நூற்று அறுபது.
பிச்சி எழுநூறு.
ஜன்னல் வழியே பார்த்தால்
சிவப்பு ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுகிறது.
வருகைப் பதிவு இயந்திரத்துக்கும் போய்ச் சேர்ந்தது,
வண்டி நிறுத்தக் குத்தகைக்காரரின் பிரிண்டருக்கும்.
அது புரியாமல் ஒரு வெள்ளைத்தாளைத் துப்பியது.
எல்லோரும் என்றால் அதுவும்தானே.

இருபத்திரண்டாம் கடை முன்னால்
வலையங்குளத்து ஆள் ஒருத்தி
தராசுத் தட்டில் கொட்டப் போன மூட்டையை
மறுபடி மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.
கமிஷன்காரர் ஏதோ சொல்கிறார்.
அவள் பலகையைப் பார்த்தபடி தலையாட்டுகிறாள்,
இல்லை என்று.

ஒச்சப்பன் ஒன்றும் பேசவில்லை.
பில்லில் கையெழுத்துக்கு நாளைக்கு வா என்றார், அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்ததா என்று
இந்த முறையில் யாரும் திருப்பிச் சொல்லமாட்டார்கள்.
எட்டிப் பார்த்து எண்ணினேன். நாற்பத்தெட்டு.
வடக்குக் கொட்டகையில் பதினாலு பலகை இன்னும் கருப்பு.
அது வேறு வலை. என் சத்தம்
ரவுட்டர் வாசலோடு நின்றுவிடும்.

ஏணி எங்கே என்று
வாட்ச்மேனைக் கேட்டுக்கொண்டு இறங்கினேன்.